பால் ஸ்கீன்ஸ்: அந்த ஆறு வாரம் எதற்காக?

கேள்வி இதுதான். அமெரிக்க பேஸ்பாலில் அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2023இல் முதல் ஆளாகத் தேர்வான பால் ஸ்கீன்ஸ், 2024 ஏப்ரலில், மேஜர் லீகுக்கு ஒரு படி கீழே இருக்கும் ட்ரிபிள் ஏ மைனர் லீக்கில் யாரும் தொட முடியாதபடி பந்து போட்டுக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவரை பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ஆறு வாரம் மேஜர் லீகுக்கு அழைக்காமல் வைத்திருந்தது. கையைக் காப்பாற்றவா, பணத்தை மிச்சம் பிடிக்கவா? கூடவே, ஒரு இளம் பிட்சர் (பந்து எறிபவர்) கல்லூரியிலிருந்து மேலே வருவது உண்மையில் எப்படி நடக்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் ஒரு காரணமாக இருந்திருக்கலாம், ஆனால் அது முதல் இரண்டு வாரத்துக்குத்தான் பொருந்தும். மிச்ச நாலு வாரத்துக்குக் காரணம் அவருடைய வலது கைதான். அந்த நாலு வாரத்தில் அணி அவரைச் சும்மா உட்கார வைக்கவும் இல்லை. நாள் கணக்கைப் பிறகு போட்டுக் காட்டுகிறேன். அதற்கு முன் அவர் எங்கிருந்து வந்தார் என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் வழக்கமான வழியில் வந்தவர் இல்லை அவர்.

பேஸ்பால் அதிகம் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. பிட்சர் நிற்கும் மேட்டுக்கும் பேட்டர் நிற்கும் இடத்துக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். ஓடிவந்து போட முடியாது, நின்ற இடத்திலிருந்தே எறிய வேண்டும். மணிக்கு 100 மைல், அதாவது 161 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து 0.4 நொடிக்குள் வந்து சேர்ந்துவிடும். ஒரு பிட்சரின் தரத்தைச் சொல்ல அதிகம் பயன்படும் எண் ஈ.ஆர்.ஏ. ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் சராசரியாக எத்தனை ரன் கொடுக்கிறார் (ஃபீல்டர்களின் தவறால் வந்த ரன்கள் சேராது) என்பதுதான் அது. பேட் செய்யும் அணியில் மூன்று பேர் அவுட் ஆனால் பிட்சருக்கு ஓர் இன்னிங்ஸ் முடியும், ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். 4 என்றால் சுமார், 3 என்றால் நல்ல பிட்சர், 2க்குக் கீழே போனால் அந்த ஆண்டு முழுவதும் அவரைப் பற்றித்தான் பேச்சு.

ஸ்கீன்ஸ் 2002 மே 29 அன்று கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் பிறந்தவர். இன்று 6 அடி 6 அங்குல உயரம். ஆனால் பள்ளி முடித்தபோது அவரைத் தேடி வந்து மேஜர் லீக் அணிகள் வரிசை கட்டவில்லை. அவருக்கும் அந்த நினைப்பு பெரிதாக இல்லை. போர் விமானம் ஓட்ட வேண்டும் என்பதுதான் ஆசை. அதனால் கொலராடோவில் இருக்கும் அமெரிக்க விமானப்படை அகாடமியில் சேர்ந்தார். அங்கே விளையாடியதும் முக்கியமாக கேட்சராக, அதாவது பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவராக. அணி ஜெயிக்கும் நிலையில் இருந்தால் கடைசியில் கேட்சர் கவசத்தைக் கழற்றிவிட்டு மேட்டில் ஏறி ஆட்டத்தை முடித்துக் கொடுப்பார். 2021இல், முதல் ஆண்டிலேயே, .410 சராசரியில் பேட்டிங் செய்து 11 ஹோம் ரன் அடித்தார், பந்துவீசி 11 ஆட்டங்களை முடித்தும் கொடுத்தார். இரண்டாம் ஆண்டில் பேட்டிங்கும் பிட்சிங்கும் சேர்த்துச் செய்யும் சிறந்த கல்லூரி வீரருக்கான ஜான் ஓலரட் விருது அவருக்குக் கிடைத்தது.

இந்தப் பின்னணியை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் நல்ல வேகம் உள்ள பையன்கள் 13, 14 வயதிலிருந்தே ஆண்டு முழுவதும் பந்து எறிகிறார்கள். வேகத்தை அளக்கும் காட்சிப் போட்டிகள், தனிப் பயிற்சி, கோடைக்கால அணிகள் என்று ஓய்வே இல்லாமல் போகும். கல்லூரி முடிப்பதற்குள் முழங்கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஏராளம். மேஜர் லீக் நிர்வாகம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வறிக்கையும் இதைத்தான் சொன்னது: வேகத்துக்குப் பின்னால் ஓடுவதும், ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு எறிவதும் காயங்கள் பெருகப் பெரிய காரணங்கள். ஸ்கீன்ஸோ 20 வயது வரை பாதி நேரம் கேட்சராகவும் பேட்டராகவும் இருந்தவர். அந்தக் கை அதிகம் தேயவில்லை. பைரேட்ஸ் அணிக்கு அவர் கிடைத்தபோது, வேகத்தோடு சேர்த்து அந்தத் தேயாத கையும் கிடைத்தது என்பது என் எண்ணம்.

விமானப்படை அகாடமியில் ஒரு விதி உண்டு. மூன்றாம் ஆண்டு வகுப்பில் கால் வைத்துவிட்டால், படித்து முடித்ததும் படையில் பணியாற்றியே ஆக வேண்டும். அதற்கு முன் விலகினால் கட்டாயம் இல்லை. 2022 கோடையில் ஸ்கீன்ஸ் அந்த வாசலில் நின்றார். விட மனமில்லாமல்தான் விட்டார். அந்தப் பற்று இன்றும் போகவில்லை. மேஜர் லீகுக்கு வந்த பிறகு, தான் எடுக்கும் ஒவ்வொரு ஸ்ட்ரைக் அவுட்டுக்கும் (பேட்டர் மூன்று நல்ல பந்துகளை அடிக்கத் தவறி அவுட் ஆவது) 100 டாலர் வீதம், படைவீரர்களுக்காக நடக்கும் கேரி சினீஸ் அறக்கட்டளைக்குக் கொடுத்து வருகிறார்.

அவர் போய்ச் சேர்ந்த இடம் லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகம். எல்.எஸ்.யூ. என்றால் பேஸ்பால் பார்ப்பவர்களுக்குத் தெரியும். அங்கே அப்போது பிட்சிங் பயிற்சியாளராக இருந்தவர் வெஸ் ஜான்சன், மேஜர் லீக்கில் மினசோட்டா ட்வின்ஸ் அணிக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு வந்தவர். ஸ்கீன்ஸ் பேட்டிங்கை ஏறக்குறைய முழுவதுமாக விட்டுவிட்டுப் பந்தில் மட்டும் கவனம் வைத்தார். மணிக்கு 90க்கும் 100க்கும் நடுவில் இருந்த வேகம் 100 மைலைத் தொட்டது, தாண்டவும் செய்தது. கடைசியில் பக்கவாட்டில் வளையும் ஸ்லைடர் பந்து கூர்மையானது. 2023 சீசன் முடிவில் 122⅔ இன்னிங்ஸில் 209 ஸ்ட்ரைக் அவுட், ஈ.ஆர்.ஏ. 1.69. எல்.எஸ்.யூ. ஆடும் தென்கிழக்குக் கல்லூரிகளின் லீகில் பென் மெக்டொனால்ட் 1989இல் வைத்திருந்த 202 என்ற சாதனை உடைந்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது இன்னொரு எண்: அத்தனை இன்னிங்ஸிலும் அவர் கொடுத்த வாக் வெறும் 20. வாக் என்றால் நாலு பந்தைத் தவறான இடத்தில் போட்டு, பேட்டரை இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்புவது. 100 மைல் வேகத்தில் எறியும் இளைஞர்கள் இன்று பலர் இருக்கிறார்கள். அந்த வேகத்தில் நினைத்த இடத்தில் போடுபவர்கள் மிகச் சிலரே.

அந்த ஆண்டு ஜூன் 22 அன்று ஒமஹாவில், கல்லூரி உலகத் தொடரின் அரையிறுதியில் நடந்த ஆட்டத்தைப் பேஸ்பால் ரசிகர்கள் இன்னும் பேசுகிறார்கள். எதிரே வேக் ஃபாரஸ்ட் அணி. அவர்களுக்கு ரெட் லவுடர் என்ற இன்னொரு அருமையான பிட்சர். ஸ்கீன்ஸ் 8 இன்னிங்ஸ் ரன் கொடுக்கவில்லை, லவுடர் 7 இன்னிங்ஸ் ரன் கொடுக்கவில்லை. ஆட்டம் 11ஆம் இன்னிங்ஸ் வரை 0-0 என்றே போனது. டாமி வைட் அடித்த ஹோம் ரன்னில் எல்.எஸ்.யூ. 2-0 என்று ஜெயித்தது. அப்புறம் ஃப்ளோரிடாவை வீழ்த்திக் கோப்பையும் வாங்கியது. தொடரின் சிறந்த வீரர் ஸ்கீன்ஸ்.

இதில் உங்கள் கேள்விக்குச் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று ஒளிந்திருக்கிறது. அந்த ஆட்டத்தில் அவர் எறிந்தது 120 பந்துகளுக்கு அருகில். அதற்குச் சில நாட்கள் முன்பு டென்னஸிக்கு எதிராகவும் ஏறக்குறைய அவ்வளவே. கல்லூரி அணிக்கு அந்தக் கோப்பைதான் எல்லாம், அடுத்த ஆண்டு அந்தப் பையன் அங்கே இருக்கப் போவதில்லை. அவர் ஜெயிக்க ஆசைப்பட்டதிலும் தப்பில்லை. ஆனால் அந்தப் பந்துகளின் கணக்கு அவரோடு கூடவே பிட்ஸ்பர்குக்கு வந்தது.

டிராஃப்ட் ஜூலை 9. பைரேட்ஸ் 2022இல் 100 ஆட்டங்கள் தோற்ற அணி. அதற்குப் பரிசு போல, முதன்முதலாக நடந்த டிராஃப்ட் குலுக்கலில் முதல் இடம் அவர்களுக்கு விழுந்தது. ஸ்கீன்ஸை எடுத்தார்கள். இரண்டாம் இடத்தில் வாஷிங்டன் எடுத்தது அதே எல்.எஸ்.யூ. அணியின் டிலன் க்ரூஸை. ஒரே கல்லூரி அணியின் இருவர் முதல் இரண்டு இடங்களில் போனது அதுவே முதல்முறை. ஸ்கீன்ஸுக்குக் கொடுத்த ஒப்பந்தத் தொகை 92 லட்சம் டாலர். அதுவரை டிராஃப்டில் யாருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை.

அவ்வளவு கொடுத்து வாங்கிய பிட்சரை அந்த ஆண்டின் மிச்சத்தில் எவ்வளவு பந்து போட வைத்தார்கள் தெரியுமா? ஐந்து ஆட்டங்களில் மொத்தம் 6⅔ இன்னிங்ஸ். கீழ்ப்படி அணிகளில் தொடங்கி, ட்ரிபிள் ஏக்கு ஒரு படி கீழான டபுள் ஏ வரை ஏற்றிக் காட்டினார்கள், அவ்வளவுதான். கல்லூரியில் 122 இன்னிங்ஸ் எறிந்த கைக்கு ஓய்வு வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

இந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க் என்ற பெயர் எல்லா அணி நிர்வாகிகளின் தலையிலும் இருக்கும். அவரும் முதல் ஆளாக, 2009இல், டிராஃப்ட் ஆனவர். 2010 ஜூன் 8 அன்று முதல் ஆட்டத்திலேயே 14 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். எதிரணி யார் என்றால் இதே பைரேட்ஸ். மூன்று மாதம்கூட முழுதாக ஓடவில்லை, முழங்கைத் தசைநார் கிழிந்து டாமி ஜான் அறுவை சிகிச்சைக்குப் போனார். 1974இல் மருத்துவர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலில் செய்த சிகிச்சை அது: உடலின் வேறு இடத்திலிருந்து தசைநாரை எடுத்து முழங்கையில் பொருத்துவார்கள். திரும்பி வர ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும். ஸ்ட்ராஸ்பர்க் திரும்பி வந்தார், 2019இல் மேஜர் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் சிறந்த வீரரும் ஆனார். அதன்பின் உடல் ஒத்துழைக்கவே இல்லை. 24.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு அவர் மேட்டில் ஏறியது சில முறைதான். அவரை நினைக்கும்போது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

கீழ்ப்படி, மேல்படி என்று சொல்லிக்கொண்டே போகிறேன். அந்தப் படிகள் எவ்வளவு செங்குத்து என்று காட்ட, நம் நாட்டோடு தொடர்புள்ள ஓர் எடுத்துக்காட்டே இருக்கிறது. 2008இல் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு ஈட்டி எறியும் இளைஞர்கள், வேகமாகப் பந்து எறியும் போட்டி ஒன்றில் வென்று அமெரிக்கா போனார்கள். அவர்களை ஒப்பந்தம் செய்த அணியும் பைரேட்ஸ்தான். தினேஷ் 2010இல் விடுவிக்கப்பட்டார். இடது கைக்காரரான ரிங்கு ஏ நிலை வரை போனார். அந்த நிலைக்கும் மேஜர் லீகுக்கும் நடுவே இன்னும் மூன்று படி இருக்கிறது. காயங்கள் வந்தன, அங்கேயே நின்றது. பேஸ்பாலையே பார்க்காமல் வளர்ந்த ஒருவர் ஏ நிலையில் பேட்டர்களை அவுட் ஆக்கினார் என்பதே எனக்கு மலைப்பு. திறமை உள்ள ஆயிரக்கணக்கானவர்கள் அந்தப் படிகளிலேயே நின்றுவிடுகிறார்கள்.

சரி, 2024க்கு வருவோம். மார்ச் 28 அன்று சீசன் தொடங்கியது. ஸ்கீன்ஸ் இண்டியானாபொலிஸில், ட்ரிபிள் ஏ அணியில். முதல் ஆட்டங்களில் மூன்று இன்னிங்ஸைச் சுற்றித்தான் போட விட்டார்கள். எண்ணி எண்ணி, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். ஏழு ஆட்டங்களில் 27⅓ இன்னிங்ஸ், 45 ஸ்ட்ரைக் அவுட், ஈ.ஆர்.ஏ. 0.99. பார்த்தவர்களுக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. இவனுக்கு இங்கே கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

இருந்தது. கல்லூரியில் அவரிடம் இல்லாத ஒரு பந்து, தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த பிறகு அவர் கைக்கு வந்து சேர்ந்தது. ஸ்பிளிங்கர் என்கிறார்கள், ஸ்பிளிட்டருக்கும் சிங்கருக்கும் நடுவில் நிற்கிற பந்து. வேகப்பந்து நேராக வருவதுபோலத் தெரிவதற்குக் காரணம் அதன் பின்சுழற்சி. அந்தச் சுழற்சி காற்றில் பந்தைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கிறது. ஸ்பிளிங்கரில் சுழற்சி மிகக் குறைவு, தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை. அதனால் பேட்டரை நெருங்கும்போது திடீரென்று கீழே இறங்கி, வலது கை பேட்டரின் பக்கமாக உள்ளே வளைகிறது. இப்படி இறங்குகிற பந்துகள் பெரும்பாலும் மெதுவானவை, 85 மைல் அளவில் வரும். ஸ்கீன்ஸின் ஸ்பிளிங்கர் 94 மைலில் வருகிறது. பல அணிகளில் அது முதன்மை வேகப்பந்தின் வேகம். பேட்டர் 99 என்று நினைத்து மட்டையைச் சுழற்றினால் பந்து மட்டைக்குக் கீழே போயிருக்கும். விட்டுவிடலாம் என்று நினைத்தால், நல்ல பந்து என்று கணக்காகும் ஸ்ட்ரைக் எல்லையின் அடிப்பகுதியைத் தொட்டுக்கொண்டு போகும்.

இப்படி ஒரு புதுப் பந்தை மேஜர் லீக் ஆட்டத்தில் வைத்துப் பழக முடியாது. அங்கே ஒவ்வொரு பந்தும் கணக்கில் சேரும். இண்டியானாபொலிஸில் தப்பான இடத்தில் விழுந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. 2024இல் மேஜர் லீகில் அவர் எறிந்ததில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பந்து ஸ்பிளிங்கராக இருந்தது. அது மட்டும் இல்லையென்றால் அவர் நல்ல பிட்சராக இருந்திருப்பார், ஆனால் நாட்டின் சிறந்த பிட்சராக அவ்வளவு சீக்கிரம் ஆகியிருப்பார் என்று நான் நம்பவில்லை.

இனி நாள் கணக்கு. மேஜர் லீகில் 172 நாள் இருந்தால் ஓர் ஆண்டுப் பணி. அப்படி ஆறு ஆண்டு சேர்ந்தால் வீரர் சுதந்திரமாக எந்த அணிக்கும் போகலாம். 2024 சீசன் மார்ச் 28 முதல் செப்டம்பர் 29 வரை, 186 நாள். ஆக, ஒருவரை முதல் 15 நாள் கீழே வைத்துவிட்டு அழைத்தால் அவருக்கு அந்த ஆண்டு முழுதாகச் சேராது, அணிக்கு அவர் இன்னும் ஓர் ஆண்டு கூடுதலாகக் கிடைப்பார். இது ரகசியமே இல்லை. 2015இல் சிகாகோ கப்ஸ் அணி கிரிஸ் பிரையன்ட்டை அழைத்தபோது அவருக்குச் சேர்ந்தது சரியாக 171 நாள். ஒரு நாள் குறைவு! அவர் முறையிட்டார், 2020இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது.

ஆகவே உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் ஸ்கீன்ஸ் விஷயத்தில் அந்த 15 நாள் ஏப்ரல் நடுவிலேயே முடிந்துவிட்டது. பணம்தான் குறி என்றால் ஏப்ரல் மூன்றாம் வாரமே அழைத்திருக்கலாம், காத்திருந்து கூடுதல் லாபம் பெரிதாக இல்லை. அவர்கள் அழைத்ததோ மே 11 அன்று. அந்த நாலு வாரத்தில்தான் மூன்று இன்னிங்ஸ் கை ஐந்து, ஆறு இன்னிங்ஸ் கையாக மாறியது.

மேலேயே வைத்துக்கொண்டு எண்ணியிருக்கலாமே என்று கேட்கலாம். கஷ்டம். 26 பேர் கொண்ட அணியில் 13 பேருக்கு மேல் பிட்சர் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் மூன்று இன்னிங்ஸில் இறங்கிவிட்டால் மிச்ச ஆறு இன்னிங்ஸையும் மற்றவர்கள் சுமக்க வேண்டும். அடுத்த இரண்டு நாள் அந்தச் சுமை தெரியும்.

இன்னொன்றும் நடந்தது. அணிகளுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையே 2022இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் புது விதி சேர்த்திருந்தார்கள்: சிறந்த புதுமுகத்துக்கான வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால், எத்தனை நாள் இருந்தாலும் முழு ஆண்டுப் பணி சேர்ந்துவிடும். ஸ்கீன்ஸ் 142 நாள்தான் மேலே இருந்தார், ஆனால் அந்த விருதை வாங்கியதால் முழு ஆண்டும் சேர்ந்தது. கூடுதல் ஆண்டு அணியின் கைவிட்டுப் போனது. இதே விதித் தொகுப்பில் அணிகளுக்கும் ஒரு தூண்டில் உண்டு. நம்பிக்கைக்குரிய இளைஞரைச் சீசன் தொடக்கத்திலிருந்தே வைத்துக்கொண்டு அவர் விருது வாங்கினால், அணிக்கு டிராஃப்டில் ஒரு கூடுதல் இடம். ஹூலியோ ரோட்ரிகஸுக்காக சியாட்டில் அணி அப்படி ஒன்றை வாங்கியது. பைரேட்ஸுக்கு அதுவும் கிடைக்கவில்லை. பணக் கணக்கு மட்டும் போட்டிருந்தால், இது தோற்ற கணக்கு.

முதல் ஆட்டம், மே 11, பிட்ஸ்பர்க் பி.என்.சி. பார்க், எதிரே கப்ஸ். எறிந்த 84 பந்துகளில் 17 பந்துகள் 100 மைலைத் தொட்டன அல்லது தாண்டின. 7 ஸ்ட்ரைக் அவுட். ஐந்தாம் இன்னிங்ஸில் யாரையும் அவுட் ஆக்காமல் இரண்டு பேரைப் பேஸில் விட்டுவிட்டு மேட்டிலிருந்து இறங்கினார். அணி அப்போது நன்றாக முன்னிலையில் இருந்தது. பின்னால் வந்த பிட்சர்கள் வாக் மேல் வாக் கொடுத்தார்கள். எல்லாப் பேஸிலும் ஆள் நிற்க, கப்ஸ் வீரர்கள் மட்டையைச் சுழற்றாமலே ஒருவர் பின் ஒருவராக நடந்து வந்து ரன் எடுத்தார்கள். நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் மழை. கடைசியில் 10-9 என்று பிட்ஸ்பர்க் ஜெயித்தது, ஆனால் வெற்றி ஸ்கீன்ஸின் கணக்கில் வரவில்லை.

ஆறு நாள் கழித்து அதே கப்ஸ் அணியை அவர்களுடைய ரிக்லி ஃபீல்டிலேயே சந்தித்தார். முதல் ஏழு பேட்டர்களும் ஸ்ட்ரைக் அவுட். ஏழு பேர் வந்து ஏழு பேரும் பந்தை மைதானத்துக்குள் அனுப்ப முடியாமல் திரும்பினார்கள். ஆறு இன்னிங்ஸ் முடிவில் 11 ஸ்ட்ரைக் அவுட், ஒரு வாக், ஒரு ஹிட்கூட (பந்தை அடித்துப் பேஸைப் பிடிப்பது) இல்லை. சரியாக 100 பந்து ஆகியிருந்தது, இறக்கிவிட்டார்கள்.

ஜூலை 11, மில்வாக்கி. இந்த முறை ஏழு இன்னிங்ஸ், மறுபடியும் 11 ஸ்ட்ரைக் அவுட், மறுபடியும் ஹிட்டே இல்லை. 99 பந்து. மறுபடியும் இறக்கிவிட்டார்கள். ஒன்பது இன்னிங்ஸும் ஹிட் கொடுக்காமல் முடிப்பது ஒரு பிட்சரின் வாழ்நாள் பெருமை, பெரிய பிட்சர்கள் பலருக்கும் வாய்க்காதது. இன்னும் ஆறு அவுட்தான் பாக்கி. எட்டாம் இன்னிங்ஸில் வந்தவர் ஒரு ஹிட் கொடுத்ததும் அந்தப் பேச்சு முடிந்தது, ஆட்டத்தை 1-0 என்று ஜெயித்தார்கள். பல ரசிகர்கள் கொதித்தார்கள். நான் அணியின் பக்கம். முந்தைய ஆண்டு இதே பையன் சில நாள் இடைவெளியில் இரண்டு முறை 120ஐ ஒட்டி எறிந்ததை நினைத்துப் பாருங்கள். அவருக்கு வயது 22. அந்த ஆண்டு முழுவதும் ஓர் ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவே குறைந்தது ஐந்து நாள் ஓய்வு கொடுத்தார்கள். வழக்கம் நாலு நாள். ஏப்ரலில் இண்டியானாபொலிஸில் எண்ணிய அதே கணக்கின் தொடர்ச்சிதான் இது.

அடுத்த வாரம், ஜூலை 16, அந்த ஆண்டின் சிறந்த வீரர்கள் மோதும் ஆல் ஸ்டார் ஆட்டத்தை, மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகுக்காகத் தொடங்கியவர் ஸ்கீன்ஸ். மேஜர் லீகுக்கு வந்து 11 ஆட்டம்தான் ஆகியிருந்தது. புதுமுகம் ஒருவர் ஆல் ஸ்டார் ஆட்டத்தைத் தொடங்குவது அது ஐந்தாவது முறை. அவருக்கு முன்னால் டேவ் ஸ்டென்ஹவுஸ், மார்க் ஃபிட்ரிச், ஃபெர்னாண்டோ வலன்சுவேலா, ஹிடியோ நோமோ. இந்தப் பட்டியலில் ஃபிட்ரிச்சின் பெயரைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும். 1976இல் 21 வயதில் 24 ஆட்டங்களை ஒன்பது இன்னிங்ஸும் தானே போட்டு முடித்தார். நாடே அவரைக் கொண்டாடியது. அடுத்த ஆண்டு தோள் போனது, அப்புறம் பழைய ஃபிட்ரிச் திரும்பவே இல்லை. அந்தக் காலத்தில் யாரும் எண்ணவில்லை.

சீசன் முடிவில் ஸ்கீன்ஸுக்கு 23 ஆட்டம், 133 இன்னிங்ஸ், 11 வெற்றி, 3 தோல்வி, 170 ஸ்ட்ரைக் அவுட், ஈ.ஆர்.ஏ. 1.96. சிறந்த புதுமுகம் விருது. சிறந்த பிட்சருக்கான சை யங் விருதில் மூன்றாம் இடம். அடுத்த ஆண்டு கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள்: 2025இல் 32 ஆட்டம், 187⅔ இன்னிங்ஸ், 216 ஸ்ட்ரைக் அவுட், ஈ.ஆர்.ஏ. 1.97. சை யங் விருது ஒருமனதாக அவருக்கே. 133இலிருந்து 187க்கு ஏறியும் கை தாங்கியது. அவரோடு 2024இல் பைரேட்ஸுக்கு வந்த இன்னொரு அதிவேகப் பிட்சர் ஜாரெட் ஜோன்ஸ் 2025 மே மாதம் முழங்கை அறுவை சிகிச்சைக்குப் போனார். அவருக்கும் அதே அணி, அதே மருத்துவர்கள், அதே எச்சரிக்கை. எண்ணினால் காயமே வராது என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது, வாய்ப்பைக் குறைக்கத்தான் முடியும்.

இவ்வளவு சிறப்பாகப் போட்டும் 2025இல் அவருடைய வெற்றி தோல்விக் கணக்கு 10-10. மே 18 அன்று பிலடெல்ஃபியாவில் எட்டு இன்னிங்ஸும் தானே போட்டு ஒரே ஒரு ரன் கொடுத்தார் (முன்னிலையில் இருந்த எதிரணி ஒன்பதாவதில் பேட் செய்யத் தேவைப்படவில்லை), அவருடைய முதல் முழு ஆட்டம். அதிலும் 0-1 என்று தோல்வி. பைரேட்ஸ் மேல் எனக்குக் குறை உண்டு என்றால் அது இங்கேதான். இப்படி ஒரு பிட்சரை ஆறு வாரம் பார்த்துப் பார்த்து வளர்த்தவர்கள், அவருக்குப் பின்னால் ரன் அடிக்கும் அணியைச் சேர்க்கப் பணம் செலவழிக்கவில்லை.

பணத்துக்காகத்தான் காத்திருக்க வைத்தார்களா என்ற கேள்வியை இதே அணியின் பப்பா சாண்ட்லர் விஷயத்தில் கேட்டால் என் பதில் மாறும். அவரும் இண்டியானாபொலிஸில் 100 மைல் எறிந்துகொண்டிருந்தார். 2025இல் அவரை அழைத்தது ஆகஸ்ட் 22 அன்று. கோடையில் அவருக்கு வாக் கூடிப்போனது உண்மை, அதற்குள் வேலை இருந்ததும் உண்மை. ஆனால் 45 நாளுக்குக் குறைவாக மேலே இருந்தால் அடுத்த ஆண்டும் அவர் புதுமுகமாகவே கருதப்படுவார். அப்போது சீசன் தொடக்கத்திலிருந்து வைத்துக்கொண்டு அவர் விருது வாங்கினால், ஸ்கீன்ஸால் கிடைக்காமல் போன அந்தக் கூடுதல் டிராஃப்ட் இடம் கிடைக்கும். ஆகஸ்ட் 22 முதல் சீசன் முடியும் வரை எண்ணிப் பாருங்கள், 38 நாள் வருகிறது. அங்கே உங்கள் சந்தேகத்தோடு நானும் சேர்ந்துகொள்கிறேன்.